முதல் பிழையிலிருந்து படியுங்கள்

திறமூல விளையாட்டுகளை மூலநிரலிலிருந்து தாமே தொகுத்து, அதாவது இயங்கும் கோப்பாக மாற்றிப் பார்க்க முயன்ற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஏறத்தாழ எல்லோருமே லினக்ஸ் கணினியில் முயன்றிருப்பதால் பதில்களும் அதை ஒட்டியே அமைந்துள்ளன.

கேள்வி: ஒரு விளையாட்டின் மூலநிரலை இறக்கி, அதனுடன் இருந்த குறிப்பில் சொன்னபடியே கட்டளைகளைக் கொடுத்தேன். முந்நூறு வரிகளுக்கு மேல் பிழைச்செய்திகள் ஓடி, எல்லாம் நின்றுவிட்டது. கடைசி வரியை இணையத்தில் தேடிப் பார்த்தும் பயனில்லை. நிரல் எழுதத் தெரியாத ஒருவரால் இது முடியாதா?
(முதலாண்டுக் கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: முடியும். இதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிழைச்செய்தியைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தால் போதும். நீங்கள் கடைசி வரியைத் தேடியதால்தான் விடை கிடைக்கவில்லை. கடைசி வரி பெரும்பாலும் 'மேக்' என்னும் கருவி 'வேலை நின்றுவிட்டது' என்று அறிவிக்கும் வரியாக இருக்குமே தவிர, நின்றதற்கான காரணம் அதில் இராது. ஒரே ஒரு வகைப்பெயர் அறிவிக்கப்படாமல் போனாலும், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வரியையும் தொகுப்பி தனித்தனிப் பிழையாக எண்ணும். ஆகவே முந்நூறு வரிகளுக்குப் பின்னால் ஒரே ஒரு குறை இருப்பது மிகவும் சாதாரணம். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) மேல்நோக்கிச் சென்று, 'எரர்' என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். 'வார்னிங்' என்று வருபவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினால் செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால், தடுமாறும்போது ஒரே வேலையாக மறுபடியும் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

தொகுத்தல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேலைகள். சிமேக், மீசான், ஸ்கான்ஸ் போன்ற ஒரு கருவி, தேவையான நூலகங்கள் (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுதிகள்) உங்கள் கணினியில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்து, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்ற திட்டத்தை வகுக்கிறது. அதன்பின் ஜிசிசி அல்லது கிளாங் என்னும் தொகுப்பி, ஒவ்வொரு நிரல் கோப்பையும் தனித்தனியே இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. இறுதியாக இணைப்பான், அந்தத் துண்டுகளையும் வெளி நூலகங்களையும் பிணைத்து இயங்கும் கோப்பாக்குகிறது. பிழை எந்தக் கட்டத்தில் வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். கோப்பு கிடைக்கவில்லை என்று வந்தால் அது தொகுப்பியின் குரல். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வந்தால் அது இணைப்பானின் குரல்.

நீங்கள் அனுப்பியுள்ள செய்தியில் முதல் பிழை, திரை, ஒலி, விசைப்பலகை ஆகியவற்றைக் கையாளும் எஸ்டிஎல் நூலகத்தின் தலைப்புக் கோப்பு இல்லை என்பதுதான். 'எஸ்டிஎல் என் கணினியில் ஏற்கெனவே இருக்கிறதே' என்று நீங்கள் கேட்பதும் நியாயமே. ஒரு நூலகத்தைப் பயன்படுத்தும் மென்பொருளை இயக்குவதற்கு ஒரு பொதி (இயங்குதளம் நிறுவுவதற்கு ஆயத்தமாகத் தரும் தொகுப்பு) வேண்டும். அந்த நூலகத்தை நம்பி ஒன்றைத் தொகுப்பதற்கு, அதன் செயற்கூறுகளை விவரிக்கும் தலைப்புக் கோப்புகள் அடங்கிய இன்னொரு பொதி வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இந்த இரண்டாம் பொதியின் பெயர் 'டெவ்' என்றும், ஃபெடோராவில் 'டெவெல்' என்றும் முடியும். ஆர்ச் லினக்ஸில் இரண்டும் பொதுவாக ஒரே பொதியில் வந்துவிடும். புதிதாகத் தொகுக்க முயல்பவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். நானும் இங்கேதான் விழுந்தேன். விடுபட்ட பொதியை நிறுவியபின், கட்டுமானக் கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். சிமேக் தன் பழைய தேடலின் முடிவுகளைக் குறித்து வைத்திருக்கும் என்பதால், நீங்கள் சரிசெய்த குறையே மீண்டும் தலைகாட்டக்கூடும். மூலநிரல் ஓரிடத்திலும் கட்டுமானம் வேறு கோப்புறையிலுமாக இருந்தால் இப்படி அழிப்பதில் எந்த ஆபத்தும் இல்லை.

இன்னும் இரண்டு காரணங்களையும் சொல்லிவைக்கிறேன். கிட்ஹப் பக்கத்திலிருந்து மூலநிரலை ஜிப் கோப்பாக இறக்கினால், அத்திட்டம் துணைக் களஞ்சியங்களாக இணைத்து வைத்திருக்கும் பிற நூலகங்கள் அதில் வருவதில்லை. அந்தக் கோப்புறைகள் வெறுமையாக இருக்கும். இத்தகைய திட்டங்களுக்கு, துணைக் களஞ்சியங்களையும் சேர்த்து இறக்கும்படி கேட்டு, நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் ஜிட் கருவியால் 'ஜிட் குளோன்' செய்வதே சரியான வழி. மற்றொன்று, பழைய நிரலும் புதிய தொகுப்பியும் ஒத்துப்போகாமை. 2020இல் வந்த ஜிசிசி 10, ஒரே உலகளாவிய மாறியைப் பல சி மொழிக் கோப்புகள் அறிவிப்பதை இயல்பாக ஏற்றுக்கொள்வதை நிறுத்தியது. அதனால் அதுவரை சிக்கலின்றித் தொகுக்கப்பட்டுவந்த பல பழைய விளையாட்டுகள், பன்முறை வரையறை என்ற பிழையோடு இணைப்புக் கட்டத்தில் நின்றன. 2023இல் வந்த ஜிசிசி 13இல், சில தலைப்புக் கோப்புகள் வேறு தலைப்புக் கோப்புகளைத் தாமாகவே உள்ளிழுப்பது குறைந்தது. அதன் விளைவாக, முழு எண் வகைகளைப் பயன்படுத்திய கோப்புகள் பல, உரிய தலைப்பைத் தாமே கேட்டுப் பெறாத காரணத்தால் பிழை காட்டின. இங்கே பிழை உங்களுடையதும் அன்று, நிரலை எழுதியவருடையதும் அன்று. அத்திட்டத்தின் புதிய பதிப்பில் பெரும்பாலும் ஒரே வரியில் இது திருத்தப்பட்டிருக்கும்.

கேள்வி: ஒரு பிழையும் இல்லாமல் தொகுத்து முடித்தேன். ஆனால் இயக்கினால், தரவுக் கோப்புகள் இல்லை என்று சொல்லி உடனே மூடிக்கொள்கிறது. எதைத் தவறவிட்டேன்?
(கணக்காளராகப் பணிபுரியும் வாசகர்)

பதில்: நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை, பாதியைத்தான் செய்திருக்கிறீர்கள். ஒரு விளையாட்டில் நிரல் ஒரு பங்கு. படங்கள், ஒலிகள், வரைபடங்கள், முப்பரிமாண உருவங்கள் ஆகியவை மற்றொரு பங்கு. இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டிருக்கலாம். வெவ்வேறு உரிமங்களின் கீழும் இருக்கலாம்.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு டூம். 1993 டிசம்பரில் வெளியான அந்த விளையாட்டின் மூலநிரலை, அதை எழுதியவர்களுள் முதன்மையானவரான ஜான் கார்மக் 1997 டிசம்பரில் வெளியிட்டார். முதலில் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதித்த அந்த வெளியீடு, 1999இல் ஜிஎன்யு பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்தது. வெளியிடப்பட்டது லினக்ஸ் பதிப்பின் நிரல்தான்; டாஸ் பதிப்பில் பிறருக்கு உரிமையான ஒலி நூலகம் ஒன்று பயன்பட்டிருந்ததால் அதை வெளியிட இயலவில்லை. ஆனால் அரக்கர்களின் படங்களும் நிலவறைகளின் வரைபடங்களும் அடங்கிய 'வேட்' கோப்புகள் அன்றும் கட்டற்றவையாகவில்லை, இன்றும் இல்லை. அந்த இடத்தை நிரப்புவதற்காகவே ஃப்ரீடூம் என்ற திட்டம் முற்றிலும் புதிய படங்களையும் நிலைகளையும் ஒலிகளையும் உருவாக்கிக் கட்டற்ற முறையில் வழங்குகிறது. 1997இல் வந்த நிரலை அப்படியே இன்றைய கணினியில் தொகுக்க முயல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அது 256 வண்ணத் திரையை எதிர்பார்க்கிறது; நினைவக முகவரிகள் 32 பிட்டுக்குள் அடங்கும் என்று பல இடங்களில் நம்பியிருக்கிறது. சாக்லேட் டூம் போன்ற வழிவந்த திட்டங்கள் இவற்றையெல்லாம் சீர்செய்து வைத்திருக்கின்றன.

சூப்பர்டக்ஸ்கார்ட் பந்தய விளையாட்டில் நிரலும் கட்டற்றது, தரவும் கட்டற்றது. ஆனாலும் இரண்டும் தனித்தனி. நிரல் ஜிட் களஞ்சியத்திலும், ஓடுபாதைகளும் வண்டிகளும் சப்வெர்ஷன் என்னும் வேறொரு கருவியின் களஞ்சியத்திலும் உள்ளன. இரண்டையும் இறக்கி, ஒரே கோப்புறைக்குள் பக்கத்துப் பக்கத்தில், குறிப்பில் சொல்லியுள்ள பெயர்களிலேயே வைக்க வேண்டும். நீங்கள் எழுதியுள்ளதைப் பார்த்தால் உங்களுக்கு நேர்ந்திருப்பதும் இதுவே. இதற்கு நேர்மாறாக, பேட்டில் ஃபார் வெஸ்நாத் தன் படங்களையும் இசையையும் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. அதனால் எதுவும் விடுபடாது. ஆனால் பல்லாண்டு வரலாறு முழுவதையும் இறக்கினால் அளவு மிகப் பெரிதாகிவிடும். அண்மை நிலையை மட்டும் தருமாறு கேட்டு இறக்கினால் விளையாடுவதற்கு அதுவே போதும்.

ஓபன்டிடிடி 2004இல் தொடங்கியபோது, மூல விளையாட்டான டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸின் படக்கோப்புகளை வைத்திருப்பவர்கள் மட்டுமே அதை விளையாட முடிந்தது. ஓபன்ஜிஎஃப்எக்ஸ் முதலிய கட்டற்ற படத்தொகுதிகளும் ஒலித்தொகுதிகளும் ஆர்வலர்களால் வரையப்பட்டு முடிந்த பின்னரே, 2010இல் வெளியான 1.0 பதிப்பு தன் காலில் தானே நின்றது. ஒரு விளையாட்டின் நிரலைத் திறப்பதற்கு ஒருவரின் முடிவு போதும். அதன் படங்களை முழுவதும் புதிதாக வரைவதற்கோ பலருடைய பல்லாண்டு உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு பேசப்படுவது குறைவு என்பதால்தான் இங்கே சற்று விரிவாகவே எழுதினேன்.

கேள்வி: நானே தொகுத்த ஓபன்டிடிடி, பொதியாக நிறுவியதைவிட மிக மெதுவாக ஓடுகிறது. ஏன்?

பதில்: கட்டுமான வகையைக் குறிப்பிடாமல் விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் அந்தத் திட்டம் பிழைதிருத்தப் பதிப்பாகத் தொகுக்கப்படும். அதில் தொகுப்பி வேகத்துக்கான மேம்பாடுகளைச் செய்வதில்லை. மேலும், நிரல் ஓடும்போதே தன்னைத் தான் சரிபார்த்துக்கொள்ளும் சோதனைகளும் இயங்கிக்கொண்டிருக்கும். சிமேக்கிடம் வெளியீட்டுப் பதிப்பு வேண்டும் என்று சொல்லி மறுபடியும் தொகுங்கள். வேறுபாட்டை முதல் நிமிடத்திலேயே உணர்வீர்கள்.

கேள்வி: தொகுக்கத் தொடங்கியதும் கணினி உறைந்துபோய், சுட்டிகூட நகரவில்லை. சில நேரம் 'கில்ட்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறது. என் கணினியில் 4 ஜிபி நினைவகம் உள்ளது. விரைவாக முடியும் என்று மேக் கட்டளையோடு 'ஜே' விருப்பத்தைச் சேர்த்திருந்தேன்.

பதில்: அந்த 'ஜே'க்குப் பின் எண் கொடுத்தீர்களா என்பதே கேள்வி. எண் இல்லாவிட்டால், ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளை வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்று மேக் பொருள்கொள்ளும். தடையில்லாத எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகத் தொடங்கிவிடும். சி பிளஸ் பிளஸ் மொழியில், அதிலும் பூஸ்ட் போன்ற பெரிய நூலகங்களைப் பயன்படுத்தும் வெஸ்நாத் போன்ற திட்டங்களில், ஒரு கோப்பைத் தொகுப்பதற்கே சில நூறு மெகாபைட் முதல் ஒரு ஜிகாபைட்டுக்கு மேலும் நினைவகம் தேவைப்படலாம். நினைவகம் தீர்ந்ததும் இயங்குதளத்தின் கருவகம் தொகுப்பியைக் கொன்றுவிடுகிறது. 'கில்ட்' என்பது அந்தச் செய்திதான். நிரலில் பிழை என்று பொருளன்று. 4 ஜிபி கணினியில் இரண்டு வேலைகள் போதும். அதற்கும் தாங்காவிட்டால் ஒன்று. ஏற்கெனவே தொகுத்து முடிந்த கோப்புகள் அப்படியே இருக்கும் என்பதால், மீண்டும் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கேள்வி: பொதியாகவே கிடைக்கும்போது இவ்வளவு பாடுபட்டு ஏன் தொகுக்க வேண்டும்?

பதில்: விளையாட மட்டும்தான் விருப்பம் என்றால், பொதியையே நிறுவிக்கொள்ளுங்கள். அதைத் தொகுத்துத் தருபவர்களும் இந்தப் பாடுகளையெல்லாம் நமக்காகப் பட்டவர்கள்தாம். ஆனால் டெபியன் நிலைப் பதிப்பு போன்றவை ஒரு விளையாட்டின் பதிப்பை ஏறத்தாழ ஈராண்டுகளுக்கு அப்படியே நிறுத்திவைக்கும். இடையில் வந்த திருத்தம் உங்களுக்குத் தேவையென்றால் தொகுக்க வேண்டியிருக்கும். உங்கள் கணினியின் செயலிக்கு ஆயத்தப் பொதி இல்லாமலும் இருக்கலாம். இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை உண்டு என்று உரிமம் சொல்கிறது. தொகுக்கத் தெரியாதவருக்கு அந்த உரிமை தாளில் மட்டுமே இருக்கும். மாற்றாத நிரலை ஒருமுறை முழுமையாகத் தொகுத்து ஓடவிட்டவர், அடுத்த நாள் அதில் ஓர் எண்ணை மாற்றி என்ன ஆகிறது என்று பார்க்க முடியும். அடுத்து வரும் கேள்வியை எழுதியிருப்பவர் அந்த இடத்தில்தான் நிற்கிறார்.

கேள்வி: ஓபன்டிடிடியின் தமிழ் மொழிபெயர்ப்பில் சில சொற்கள் எனக்கு உறுத்துகின்றன. அவற்றை மாற்றி, என் கணினியில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க விரும்புகிறேன். நிரலைத் தொட வேண்டியிருக்குமா? இன்னொன்று: நான் தொகுத்த பதிப்பில் தமிழ் எழுத்துகளின் கொம்பு இடம் மாறித் தெரிகிறது.
(ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்)

பதில்: உங்கள் கடிதம் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது, அம்மா. நிரலைத் தொட வேண்டியதில்லை. மூலநிரல் கோப்புறைக்குள், மொழிகளுக்கென உள்ள உட்கோப்புறையில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் எளிய உரைக்கோப்பு இருக்கிறது, தமிழுக்கும் இருக்கிறது. தொகுக்கும்போது 'ஸ்டர்ஜென்' என்னும் சிறு கருவி முதலில் கட்டப்பட்டு, அது இந்த உரைக்கோப்புகளைப் படித்து விளையாட்டுக்கு உகந்த வடிவில் மாற்றுகிறது. எனவே நீங்கள் ஒரு சொல்லை மாற்றிவிட்டு மறுபடியும் தொகுத்தால் மொழிக்கோப்பு மட்டுமே புதிதாக உருவாகும். சில நொடிகளில் முடிந்துவிடும். தமிழில் இல்லாத தொடர்களின் இடத்தில் ஆங்கிலத் தொடரே வந்து நிற்கும்.

சுருள் அடைப்புக்குறிகளுக்குள் உள்ள குறியீடுகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். விளையாட்டின்போது ஊர்ப்பெயர், எண், தொகை ஆகியவை வந்து அமரும் இடங்கள் அவை. ஆங்கிலத்தில் முன்னால் வரும் பெயர் தமிழ் வாக்கியத்தில் பின்னால் வர வேண்டியிருக்கும் அல்லவா? அதற்காகவே, எத்தனையாவது மதிப்பு எங்கே வர வேண்டும் என்று அக்குறியீட்டுக்குள் எண்ணிட்டுக் குறிக்க வழி செய்திருக்கிறார்கள். இதை அறியாமல் ஆங்கில வரிசையிலேயே எழுதப்பட்ட தொடர்கள்தாம் படிக்கும்போது பெரும்பாலும் உறுத்துகின்றன என்பது என் எண்ணம். வெஸ்நாத் போன்ற வேறு பல விளையாட்டுகள் கெட்டெக்ஸ்ட் என்னும் முறையைப் பின்பற்றுகின்றன. அங்கும் மொழிபெயர்ப்பு தனி உரைக்கோப்புதான்.

இனி கொம்பு. யூனிகோடு முறையில் 'கெ' என்ற எழுத்து, முதலில் ககரம், பிறகு எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவதும், 'கொ' என்றால் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைப்பதும் எழுத்துரு வடிவமைக்கும் நூலகத்தின் வேலை. ஓபன்டிடிடியில் ஹார்ஃப்பஸ், ஐசியூ ஆகிய நூலகங்கள் இதைச் செய்கின்றன. ஆனால் அவை கட்டாயத் தேவைகள் அல்ல, பரிந்துரைக்கப்படும் தேவைகள் மட்டுமே. அவற்றின் தலைப்புக் கோப்புகள் கிடைக்காவிட்டால், சிமேக் அதைக் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்லும். தொகுப்பும் வெற்றியென்றே முடியும். தமிழ் மட்டும் சிதைந்துவிடும். ஆங்கிலத்தில் விளையாடுபவர் இந்தக் குறையைக் காணவே மாட்டார். ஹார்ஃப்பஸ், ஐசியூ, ஃப்ரீடைப், ஃபான்ட்கான்ஃபிக் ஆகியவற்றின் 'டெவ்' பொதிகளை நிறுவி, கட்டுமானக் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடியும் தொகுங்கள். முதல் கட்டத்தின் செய்திகளில் இந்நான்கு பெயர்களும் கிடைத்ததாக வருகின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

திருத்திய சொற்களை உங்களோடு வைத்துக்கொள்ளாமல், அத்திட்டத்தின் மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு அனுப்புங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளின் வாக்கியங்களைத் திருத்திய கை அங்கே தேவைப்படுகிறது.

கேள்வி: மேம்பாட்டுக் கிளையிலிருந்து ஓபன்டிடிடியைத் தொகுத்தேன். நண்பர்கள் நடத்தும் பிணைய ஆட்டத்தில் சேர முடியவில்லை. பதிப்பு பொருந்தவில்லை என்கிறது. என்னுடைய பதிப்பை அவர்களுக்கு நான் அனுப்பலாமா?

பதில்: அந்த விளையாட்டில் ஒவ்வொருவரின் கணினியும் உலகம் முழுவதையும் தானே கணக்கிடுகிறது, பிணையத்தில் செல்வது ஆட்டக்காரர்களின் கட்டளைகள் மட்டுமே. ஒரு கணினியில் கணக்கு இம்மியளவு மாறினாலும், சிறிது நேரத்தில் இருவரும் வெவ்வேறு உலகங்களில் இருப்பார்கள். அதனால்தான் பதிப்பு அணுவளவும் மாறக்கூடாது என்று வழங்கி கேட்கிறது. மேம்பாட்டுக் கிளையிலிருந்து தொகுக்கும்போது பதிப்புப் பெயரில் தேதியும், கிளையின் பெயரும், ஜிட் அடையாளமும், நிரலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்களா என்ற குறியும் சேர்ந்துவிடும். எளிய வழி, நண்பர்கள் வைத்திருக்கும் வெளியீட்டின் குறிச்சீட்டுக்கு (அந்த வெளியீட்டின் நிரலைச் சுட்டும் பெயருக்கு) உங்கள் களஞ்சியத்தை மாற்றி, அதை எந்த மாற்றமும் இன்றித் தொகுப்பது.

அனுப்புவதைப் பொறுத்தவரை, தாராளமாக அனுப்பலாம். ஓபன்டிடிடி, ஜிஎன்யு பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் உள்ளது. நிரலை மாற்றி உங்களிடமே வைத்துக்கொண்டால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. இயங்கும் கோப்பைப் பிறருக்குக் கொடுத்தால், அது எந்த மூலநிரலிலிருந்து வந்ததோ அதையும் உங்கள் மாற்றங்களோடு சேர்த்து, அதே உரிமத்தில் அவர்களுக்குத் தர வேண்டும். அல்லது கேட்பவர்க்குத் தருவேன் என்ற, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்து உறுதியைக் கூடவே கொடுக்க வேண்டும். நண்பர்கள்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். மாற்றிய மூலநிரல் கோப்புறையை இயங்கும் கோப்போடு ஒரே சுருக்கக் கோப்பில் வைத்து அனுப்பிவிட்டால் கடமை அன்றே முடிந்துவிடும்; அடுத்த மாதம் உங்கள் கணினியில் அந்தக் கோப்புறை இருக்குமா என்ற கவலையும் வேண்டாம்.